மயில்கழுத்து நிற ஸ்லைடு

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் திரையில் ஓடிக்கொண்டிருந்தது தன்னுடைய ஸ்லைடுதான் என்று பாப்பா முதலில் நினைத்தாள். இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டை. தலைப்புக்கு அடியில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் புள்ளிக்குப் பதில் ஒரு குட்டிச் சதுரம். வலப்பக்கம் பளபளவென்று ஒரு லிஃப்டின் படம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட அறைக்கு வெளியே, இரண்டு பழைய லிஃப்டுகளையும் மாற்றும் வேலைக்கு விலை சொல்ல வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் முறைக்காகக் காத்திருந்தவள், மடியில் இருந்த லேப்டாப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பை மூடித்தான் இருந்தது. லேப்டாப்பும் உள்ளேதான் இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணனும் பார்த்துவிட்டார்.

"நம்மளுது அங்க எப்படி ஓடுது?"

"தெரியலண்ணா."

"நீ முன்னாடியே அனுப்பி வச்சியா?"

"இல்லண்ணா. யாருக்கும் அனுப்பல."

அந்த நேரத்தில், திரைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்த ஆள் திரும்பினான். தம்பி.

அண்ணனும் அவனைக் கண்டுகொண்டார். மெதுவாகத் தலையைத் திருப்பிப் பாப்பாவைப் பார்த்தார். இரும்புக் கயிற்றில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் பார்வை அது.

நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பேர். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள். லிஃப்ட் பொருத்தும் கம்பெனியை அண்ணன்தான் தொடங்கினார். மெக்கானிக்குகளைத் தம்பி கட்டி மேய்த்தான். ஆபீஸ் அவள் பொறுப்பு. அண்ணன் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. தொழிலுக்கு அது தோதாகவும் அமைந்துவிட்டது. கயிற்றை நம்பாதே, பிரேக்கை நம்பாதே, நேற்று சரியாக இருந்தது என்ற பேச்சை நம்பவே நம்பாதே என்பதுதான் அவர் பாடம். அவர் பொருத்திய லிஃப்டில் இன்றுவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. ஆனால் கயிற்றைப் பார்க்கிற கண்ணாலேயே மனிதர்களையும் பார்த்தார்.

சில வருஷங்களுக்கு முன் ஸ்டோர் அறையிலிருந்து புதுக் கதவு மோட்டார் ஒன்று காணாமல் போனது. எல்லா மெக்கானிக்குகளையும் வைத்துக்கொண்டு அண்ணன் தம்பியிடம், "நீ எடுத்தியா?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை. சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். போனவன் நகரத்தின் மறுகோடியில் தனியாக ஒரு பட்டறை போட்டான். அண்ணனும் தம்பியும் அதன்பிறகு முகம் பார்த்துப் பேசியதில்லை.

கதவு திறந்தது. தம்பி வெளியே வந்தான். அண்ணனைக் கண்டதும் ஒரு கணம் நின்றான். பிறகு அக்காவைப் பார்த்துக் கண்ணால் ஏதோ கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான். அந்தக் கண்ஜாடையையும் அண்ணன் தவறவிடவில்லை.

உள்ளே குடியிருப்போர் சங்கத்தினர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். தூக்கக் கலக்கம் தீராத கண்கள், எதற்கெடுத்தாலும் "சரி, சரி" என்பார். அவருக்குப் பக்கத்தில் செயலாளர். அரசாங்கத்தில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள். கட்டடமே அவரை ஆடிட்டரம்மா என்றுதான் அழைத்தது.

முதல் ஸ்லைடு திரையில் விழுந்ததும் ஆடிட்டரம்மா கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். போனவரோட ஃபைலைத் தப்பா ஓட்டிட்டீங்களா?"

"இல்லைங்கம்மா. இது எங்களுது."

"பேர் மட்டும்தாங்க வேற. பட்டை அதே, கோடு அதே, எழுத்துகூட அதே." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காலம் பூரா கணக்கு பார்த்தவ நான். ரெண்டு கடை பில்லு ஒரே கையெழுத்துல வந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். ஒரே ஆளு ரெண்டு பேர்ல விலை குடுக்கறது. ஒண்ணைக் கூட்டிப் போட்டு இன்னொண்ணைக் குறைச்சு காட்டறது."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க!"

"இல்லன்னா நல்லது. சனிக்கிழமை காலையில ரெண்டு கம்பெனியும் சேர்ந்து வந்து விளக்கம் சொல்லுங்க. சொல்லலேன்னா ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது."

"சரி, சரி," என்றார் தலைவர்.

திரும்பும் வழியில் அண்ணன்தான் காரை ஓட்டினார். சிக்னலில் நின்றபோதுதான் கேட்டார்.

"அந்த டிசைன் உனக்கு எங்க கிடைச்சுது?"

பாப்பா விளக்கினாள். முன்பெல்லாம் அண்ணனே ஸ்லைடு தயாரிப்பார். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, எல்லா வரியும் தடிமன். ஒரு ஆஸ்பத்திரியில் அதைப் போட்டுக் காட்டியபோது அங்கிருந்த டாக்டர், "இது என்ன, இரங்கல் செய்தியா?" என்று கேட்டுவிட்டார். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் அவள் கையில் எடுத்தாள். ஸ்லைடு செய்கிற மென்பொருளிலேயே டிசைன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத் தொட்டால் வரிசையாகத் தீம்கள் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நிறம், எழுத்து, கோடு எல்லாம் எல்லா ஸ்லைடிலும் தானாக மாறிவிடும்.

"கம்ப்யூட்டரே குடுக்குதா?"

"ஆமாண்ணா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா எதையும் எவனும் குடுக்க மாட்டான்," என்றார் அண்ணன். ஆபீசுக்கு வந்ததும் லேப்டாப்பை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

பாப்பாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், மடியில் கனம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் வகுப்பு என்று சொல்லிவிட்டு அவள் தம்பி வீட்டுக்குத்தான் போய்வந்தாள். தம்பிக்கு ஒரு மகள். அத்தை, அத்தை என்று கழுத்தைக் கட்டிக்கொள்ளும். போன வாரமும் போயிருந்தாள். அங்கே வைத்து வேலையை முடிக்கலாம் என்று லேப்டாப் பையையும் எடுத்துப் போயிருந்தாள். குழந்தையோடு மொட்டை மாடிக்குப் பட்டம் விடப் போனபோது பை எங்கே இருந்தது? சோபாமேல். யார் பக்கத்தில்? தம்பி பக்கத்தில்.

அந்த எண்ணம் வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கசப்பு தட்டியது. ஆனாலும் அது போகவில்லை. சந்தேகம் ஒருமுறை வாசலைத் தாண்டிவிட்டால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுகிறது. லேப்டாப்புக்குக் கடவுச்சொல் குழந்தையின் செல்லப்பேர்தான். தம்பிக்குத் தெரியாதா என்ன? அவன் தொழில் இப்போது நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது. அக்காதானே, எடுத்தால் என்ன என்று நினைத்திருப்பானோ?

மறுநாள் மதியம் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனாள்.

தம்பி கழற்றிப்போட்ட கியர்பெட்டி ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

"என்னக்கா, வேலை நாள்ல?"

"ஒண்ணு கேக்கறேன், கோபப்படக் கூடாது. என் லேப்டாப்பை நீ திறந்தியா?"

துணி அவன் கையில் அப்படியே நின்றது.

"அவர் கேட்டா எனக்குப் புரியும். நீ கேக்கறியே."

"ரெண்டு ஸ்லைடும் அச்சு அசலா ஒண்ணா இருந்துச்சுடா. சங்கத்துக்காரங்க நம்மளைக் கூட்டுக் களவாணின்னு சொல்றாங்க. நான் வேற எப்படி நெனைக்கட்டும்?"

தம்பி பட்டறையின் மூலையில் இருந்த சின்ன அறைக்குள் போய்த் தன் கம்ப்யூட்டரைத் திறந்தான். வெற்று ஸ்லைடு ஒன்றை எடுத்தான். டிசைன் என்ற இடத்தைத் தொட்டான். தீம்கள் வரிசையாக விரிந்தன.

"வா, பாரு. இது மரப்பலகை. லிஃப்ட் விக்கறவன் மரப்பலகையைக் காட்டினா எவன் ஏறுவான்? இது மேகம். ஒரேயடியா மேல போயிடுவோம்னு பயந்துடுவாங்க. இந்த ஊதா கண்ணைக் குத்துது. இது கறுப்பு, கரண்டு போய் லிஃப்ட் நடுவுல நின்ன மாதிரி இருக்கு. இதுல பூ. பூவை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? கடைசியில இது ஒண்ணுதான் தேறிச்சு. படம் வைக்க வலது பக்கம் இடமும் விட்டிருக்கான்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரப்பலகையைப் பார்த்து அவளும் அதைத்தான் நினைத்தாள். ஊதாவைக் கண்டு அவளும் முகம் சுளித்தாள். ஒரே வீட்டில் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்களுக்குப் பிடிக்காததெல்லாம் ஒன்றாக இருப்பதில் என்ன அதிசயம்?

"நானும் இப்படித்தாண்டா ஒவ்வொண்ணாத் தள்ளினேன்."

தம்பியும் சிரித்தான். அடுத்த நொடியே சிரிப்பை நிறுத்தி, கம்ப்யூட்டர் திரையைப் பாதி மடக்கினான்.

"அக்கா, உன்னை அவர் அனுப்பலையே?"

"எதுக்கு?"

"என் விலையைப் பாத்துட்டு வரச் சொல்லி."

அவளுக்குச் சுருக்கென்றது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பேருந்தில் வரும்போது இன்னொரு நினைப்பும் முளைத்தது. லிஃப்ட் நடுவில் நின்ற மாதிரி என்று கறுப்பைச் சொன்னானே, அது யார் சொன்ன வார்த்தை? அவன் வாயிலிருந்து வந்ததா, தான் எப்போதோ அவனிடம் சொன்னதா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை மூவரும் அதே கூட்ட அறையில் நின்றார்கள். அண்ணன் ஜன்னலோரம், தம்பி கதவோரம், நடுவில் பாப்பா. அண்ணன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த லேப்டாப்பை அவள் திரையோடு இணைத்தாள்.

"இதை ரெண்டு பேரும் ஒரே ஆள்கிட்ட வாங்கல. இது மென்பொருளோடவே வர்ற டிசைன். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். பாருங்க." அவள் ஒரு சொடுக்குப் போட்டாள். லிஃப்ட் படங்கள் எல்லாம் மரப்பலகைமேல் ஏறின. இன்னொரு சொடுக்கு. அத்தனையும் ஊதாவாயின. இன்னொன்றில் மேகம் மிதந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ரசித்தார்கள். ஒருவர், "என் பையனுக்கு இது தெரியாம ராத்திரி பூரா ஒவ்வொரு பக்கமா கலர் அடிச்சுக்கிட்டு இருக்கான்," என்றார்.

ஆடிட்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு சொடுக்குல எல்லாம் மாறிடுது."

"ஆமாங்கம்மா."

"அப்போ, அந்த ஒரு சொடுக்கை நீங்க முன்னாடியே போட்டிருந்தா எங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. போட மறந்துட்டீங்க. அவ்வளவுதானே?"

பாப்பா சொடுக்குவதை நிறுத்தினாள். பிள்ளையைக் காப்பாற்றப் போய்க் கிணற்றில் தள்ளிவிட்ட கதையாகிவிட்டதே என்று நினைத்தாள்.

ஆடிட்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் சேர்ந்தாப்ல நில்லுங்க. ம்ம். நெத்தி ஒண்ணு. மூக்கு ஒண்ணு. நிக்கற நிலைகூட ஒண்ணு. கூடப் பொறந்தவங்களா?"

பாப்பா இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள் பாப்பா.

"முடிஞ்சுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" ஆடிட்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "அண்ணன் ஒரு விலை, தம்பி ஒரு விலை, தங்கச்சி ரெண்டுக்கும் அலங்காரம்."

"நான் இவர்கூட கூட்டா?" தம்பியின் குரல் உயர்ந்தது. "இவர் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? ஊரைக் கூட்டி வச்சு என்னைத் திருடன்னு சொன்னவருங்க இவர்!"

"திருடன்னு நான் சொல்லல," என்றார் அண்ணன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "கேட்டேன்."

"நீங்க கேட்டதும் சொன்னதும் ஒண்ணுதான்!"

"எடுக்கலேன்னா எடுக்கலேன்னு சொல்லியிருக்கலாமே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எதுக்கு சொல்லணும்? கூடப் பொறந்தவனுக்கு அத்தாட்சி வேணுமா உங்களுக்கு? அந்த மோட்டார் என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது!"

"அண்ணா, விடுங்க. டேய், நீயும் சும்மா இரு," என்று பாப்பா நடுவில் புகுந்தாள்.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "நீ பேசாதே. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியாதா? தலை நனையாம நீச்சல் கத்துக்கறவளை நான் இப்பதான் பாக்கறேன்."

பாப்பாவுக்கு முகமெல்லாம் சூடேறியது. இத்தனை காலம் தெரிந்துகொண்டே கேட்காமல் இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்கிற மனிதர் இதை மட்டும் ஏன் கேட்கவில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்கு விளங்கவில்லை.

"அக்காவை ஏன் திட்டறீங்க?" தம்பி முன்னால் வந்தான். "தொழிலைப் பேசுங்க. இந்தக் கட்டடத்துல லிஃப்ட் ஏறி இறங்கற பழைய தண்டவாளத்தையே வச்சுக்கிட்டு புதுக் கேபினை மாட்டப் போறீங்களே, அது நியாயமா? ஏறினா குலுங்கும்."

"குலுங்காது! தண்டவாளம் நல்லாத்தான் இருக்கு."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"மேலயும் கீழயும் பாத்தேன்."

"நடுவுல?"

அண்ணன் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: "நீ புதுத் தண்டவாளம் போட சுவரை உடைக்கணும். அந்த வேலை முடியற வரைக்கும் மேல் மாடியில முட்டி வலிக்காரங்க எல்லாம் எப்படி இறங்குவாங்க? அதை உன் ஸ்லைடுல போட்டியா?"

"போடல," என்றான் தம்பி, குரல் கொஞ்சம் தணிந்து.

தலைவர் முதல்முறையாக முழுதாக விழித்துக்கொண்டார். ஆடிட்டரம்மா ஒரு காகிதத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் நின்றதும் நிமிர்ந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்லா இருக்கு, பேசுங்க. ஸ்லைடுல சொல்லாததெல்லாம் இப்பதான் வெளிய வருது."

தம்பி மறுபடி கதவோரம் போய் நின்றான்.

"சரி. இவங்க கூட்டுச் சேரல," என்றார் அவர் மற்றவர்களிடம். "எவ்வளவோ கூட்டுக் களவாணிங்களைப் பாத்திருக்கேன். வெளிய சண்டை போடற மாதிரி நடிப்பாங்க. ஆனா இவ்வளவு பழசைத் தோண்ட மாட்டாங்க. இது வீட்டுச் சண்டை."

"சரி, சரி," என்றார் தலைவர்.

வாசலுக்கு வந்ததும் தம்பி ஒரு பக்கம் போனான், அண்ணன் ஒரு பக்கம் போனார். யார் பின்னால் போவது என்று தெரியாமல் பாப்பா கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள். பிறகு அண்ணன் காரில் ஏறினாள். அவள் ஏறும்வரை அவர் காரை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஆடிட்டரம்மா போன் செய்தார். வேலை தம்பிக்குத்தான். தண்டவாளத்தை மாற்றுவதுதான் நல்லது என்று சங்கம் முடிவு செய்துவிட்டது. இரண்டு லிஃப்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

சேதியைக் கேட்டதும் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. மாலையில் திரும்பியபோது வலது கை விரல்கள் நான்கும் செம்பழுப்பாக இருந்தன. துரு. கழுவு தொட்டியில் சோப்பைப் போட்டு வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தண்டவாளம் எப்படிண்ணா இருக்கு?" என்று பாப்பா கேட்டாள்.

"நடுவுல பாத்திருக்கணும்," என்றார்.

அந்த வாரம் முழுக்க அவள் ஸ்லைடோடு மல்லுக்கட்டினாள். அதே தீமை எடுத்து, நிறங்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். பட்டைக்கு எஃகின் சாம்பல், கோட்டுக்குக் கம்பெனிப் பலகையின் சிவப்பு. எழுத்தையும் மாற்றினாள். மூலையில் கம்பெனி முத்திரையை எல்லாப் பக்கத்துக்கும் வருகிற மாதிரி வைத்தாள். தங்களுக்கென்று ஒரு தீமாகச் சேமித்தும் வைத்தாள். அண்ணன் பின்னால் நின்று பார்த்தார்.

"இது வேற எவன்கிட்டயும் இருக்காதே?"

"இருக்காதுண்ணா. நானே செஞ்சது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"பாக்கலாம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

"நீச்சலா?"

"இல்லண்ணா. தம்பி வீட்டுக்கு."

தாளின் ஒரு பக்கம் புரண்டது. "லேப்டாப்பை இங்க வச்சுட்டுப் போ."

அவள் அதை எடுக்கவே இல்லை. ஆனாலும் பையைத் திறந்து காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தும் கொண்டார். அவள் கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கட்டடத்துல மூணாவது மாடிகிட்ட, வலது பக்கச் சுவருக்குள்ள கரண்ட் வயர் போகுது. மேல பூசி மூடி வச்சிருக்கானுங்க. பாத்து உடைக்கச் சொல்லு." கொஞ்சம் நிறுத்தினார். "நான் சொன்னேன்னு சொல்லாதே."

தம்பி வீட்டில் குழந்தை ஓடிவந்து கழுத்தில் தொங்கியது. அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே பாப்பா விஷயத்தைச் சொன்னாள். மூன்றாவது மாடி, வலது சுவர், உள்ளே வயர்.

தம்பி அவளை உற்றுப் பார்த்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

அவன் பார்வை அவள் முகத்தை விட்டு நகரவில்லை. நம்பலாமா கூடாதா என்று எடைபோட்டான். இதில் ஏதாவது சதிவேலை இருக்குமோ என்றுகூட யோசித்திருப்பான். பிறகு போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு அந்த வலது சுவர்ல கை வைக்காதீங்க. முதல்ல நான் வந்து பாக்கறேன்."